எட்டுக் கட்டைக்கும் மேலே!

"அம்மா, நான் சொப்ரானோ ஆகப் போறேன்" என்று என் பெண் வந்து சொன்னபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக் கொண்டிருந்தேன். 2016-ம் வருஷம். அவளுக்கு அப்போது 13 வயது. "அது எத்தனை வருஷப் படிப்பு? முடிச்சா வேலை கிடைக்குமா?" என்றுதான் கேட்டேன். தலையில் அடித்துக் கொண்டு போய்விட்டாள்.

சமையல் கட்டில் நின்றுகொண்டு நான் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. என்னைப் போல, பெண்ணின் ஆசையைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் தாய்மார்கள் சிலராவது இருப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கேளம்பாக்கத்தில். நான் கல்யாணமாகி வந்தபோது, பின்பக்கம் நின்றால் உப்பளத்துக் காற்று முகத்தில் ஒட்டும். பனிக்காலத்தில் உப்பங்கழியில் பூநாரைகள் வந்து நிற்கும். இப்போது சாலையில் அடுக்குமாடிகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுமாக ஊரே மாறிவிட்டது. என் வீட்டுக்காரர் சாலையோரம் பெயிண்டு, சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். மாமியார் எங்களோடுதான். என் பெண்ணுக்கு அவர் 'ஆயா'.

நான் காஞ்சிபுரத்துப் பெண். எட்டு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள். டி.கே.பட்டம்மாள் பிறந்த ஊர் என்று எங்கள் பாட்டு வாத்தியாருக்கு ஏகப் பெருமை. குலப்பெண்கள் சபையேறிப் பாடுவதா என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1929-ல் 10 வயதில் சென்னை வானொலியில் பாடியவர். 1932-ல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் மேடையேறியவர். ஆண்களுக்கே உரியது என்று ஒதுக்கி வைத்திருந்த ராகம் தானம் பல்லவியைத் துணிந்து எடுத்துப் பாடியவர். 1970-ல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார். இதையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் வாத்தியார் எங்களை வர்ணம் பாட வைப்பார்.

கல்யாணத்தோடு என் சுருதிப்பெட்டி பரணுக்குப் போயிற்று. யாரும் பாடாதே என்று சொல்லவில்லை. பாடு என்று சொல்லவும் இல்லை. அவ்வளவுதான்.

என் பெண்ணுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது பக்கத்துத் தெரு டீச்சரம்மாவால். ரிடையர் ஆனவர். மாதா கோயில் பாடகர் குழுவில் பல வருஷம் இருந்தவர். அவர் வீட்டில் பியானோ போல ஒரு கீபோர்டு உண்டு. டியூஷனுக்குப் போன பெண், கணக்கை விட்டுவிட்டுப் பாட்டைப் பிடித்துக் கொண்டாள். ஒருநாள் டீச்சரம்மாவே வீடு தேடி வந்துவிட்டார்.

"உங்க பொண்ணுக்கு சொப்ரானோ குரலுங்க. ஆனா இன்னும் பிஞ்சு. பழுக்க வைக்கணும்னு அவசரப்படாதீங்க" என்றார். காபி கொடுத்துவிட்டு விவரம் கேட்டேன்.

மேல்நாட்டுச் சங்கீதத்தில் பெண் குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயிக் குரலுக்கு சொப்ரானோ என்று பெயராம். இத்தாலிய மொழியில் 'மேலே' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அதற்குக் கீழே ஆல்ட்டோ, ஆண்களில் டெனார், பேஸ். நாலு குரலும் நாலு வழியில் போய் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும். நம் சங்கீதத்தில் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். அங்கே ஒவ்வொருவர் கையிலும் ஒரு மெட்டு.

அப்புறம் அந்த உயரம்! நம் பாடகிகள் பலர் 5 கட்டை சுருதியில் பாடுவார்கள். மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டு நின்றாலே கைதட்டல் விழும். சொப்ரானோ அதற்கும் மேலே கிட்டத்தட்ட இன்னொரு ஸ்தாயி போக வேண்டும். பெண்கள் சாதாரணமாகப் பேசும்போது தொண்டையிலுள்ள குரல்நாண்கள் ஒரு விநாடிக்குச் சுமார் 200 தடவை அதிர்கின்றன. சொப்ரானோ உச்சியைத் தொடும்போது ஆயிரத்துக்கும் மேல். அதுவும் மைக் கிடையாது! பெரிய வாத்தியக் கோஷ்டிக்கு மேலே கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். எட்டுக் கட்டைக் குரல் என்று நாம் சும்மா சொல்கிறோமே, அவர்கள் நிஜமாகவே பாடுகிறார்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்குத்தானே?" என்று கேட்டேன். டீச்சரம்மா சிரித்தார். அந்த வருஷம் அக்டோபரில்தான் பம்பாயிலே, 1993-லிருந்து மூடிக் கிடந்த ராயல் ஆப்பரா ஹவுஸை மறுபடி திறந்தார்கள். திறப்பு நாளில் பாடியவர் பட்ரீஷியா ரொஸாரியோ. 1960-ல் அதே பம்பாயில் பிறந்த பெண். லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியில் படித்து, தங்கப் பதக்கம் வாங்கி, பெரிய சொப்ரானோ ஆனவர். ஜான் டாவனர் என்ற பிரிட்டிஷ் இசையமைப்பாளர் இவர் குரலை மனசில் வைத்தே எத்தனையோ பாட்டுகளை எழுதியிருக்கிறார். தான் கற்றதைத் தன்னோடு வைத்துக் கொள்ளாமல், 2009-லிருந்து பியானோ வாசிக்கும் கணவரோடு இந்திய நகரங்களுக்கு வந்து இங்கே உள்ள பிள்ளைகளுக்குக் குரல் பயிற்சி கொடுத்து வருகிறார்.

நம் சென்னையில் மட்டும் என்ன? மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற பாடகர் குழு 1893-லேயே தொடங்கியது. ஏ.ஆர்.ரகுமான் 2008-ல் தொடங்கிய இசைக் கல்லூரியில் மேல்நாட்டுக் குரலிசையும் சொல்லித் தருகிறார்கள். எனக்குத்தான் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

* * *

சரி, கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டோம். வீடு பட்ட பாடு இருக்கிறதே!

தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கனமான புத்தகத்தை வைத்துக்கொண்டு மூச்சு விடுவாள். புத்தகம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டுமாம். என் மாமியார் எட்டிப் பார்த்து, "இன்னா கண்ணு, வயித்து வலியா? ஓமத் தண்ணி தரட்டா?" என்பார். அடுத்து உதட்டைப் 'புர்ர்ர்' என்று அதிரவிட்டுக்கொண்டே ஸ்வரம் ஏறி இறங்குவாள். கைக்குழந்தை எச்சிலைப் புர்ரென்று ஊதினால் மழை வரும் என்பார்கள் அல்லவா? "இவ ஊதற ஊதலுக்குப் புயலே வரும்" என்பார் ஆயா. எதிர்வீட்டு நாய் உச்ச ஸ்தாயிக்குக் கூடவே பாடும்.

2018-ல் சோதனை வந்தது. அவளுக்கு 15 வயது. ஒரு விழாவுக்காக மூன்று வாரம் ஒத்திகை. ஸ்பீக்கர் சத்தத்துக்கு மேலே கத்திப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். சளி பிடித்திருந்தும் இவள் விடவில்லை. விழா முடிந்து வீட்டுக்கு வந்தவள் "அம்மா" என்று கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

நானும் நமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. ஒரு வாரம் போயிற்று, மூன்று வாரம் போயிற்று. கரகரப்பு போகவே இல்லை. ராத்திரி அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவாள், சத்தம் வருகிறதா என்று. பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார். டி.வி. திரையில் எனக்கும் காட்டினார். வெள்ளையாக இரண்டு மெல்லிய மடிப்புகள். ஒரு பெரிய பெண்ணுக்கே ஒன்றரை சென்டி மீட்டர் சுமாருக்குத்தான் இருக்குமாம். அந்த அளவுதானா! இத்தனை ஆட்டமும் இந்தத் துளிக்குள்ளேயா! இரண்டு மடிப்பிலும் எதிரெதிராகச் சின்னதாய்த் தடிப்பு. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து நமக்கு உள்ளங்கையில் காய்த்துப் போகுமே, அது மாதிரி.

"ஆபரேஷனா டாக்டர்?" என்று கேட்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வேண்டாம்மா. இது பெரும்பாலும் பயிற்சியிலேயே கரையும். ஆனா பாட்டு கூடாது. கத்தக் கூடாது. குரல் பயிற்சி நிபுணர்கிட்டே அனுப்பறேன்" என்றார்.

நாலு மாதம்! என் பெண் பாடாத நாலு மாதம். வாராவாரம் குரல் பயிற்சி. எதிர்வீட்டு நாய்கூடக் கேட்டில் வந்து எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பூஜை மணிச் சத்தத்தைத் தவிர வீட்டில் ஒன்றுமில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சுருதிப்பெட்டி பரணுக்குப் போனபோது என் அம்மா வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்குமோ?

அந்த நாலு மாதத்தில் கற்றுக் கொண்டவற்றைச் சகோதரிகளுக்கும் சொல்லிவிடுகிறேன். பாடுகிற பெண்ணுக்கு மட்டுமல்ல, வகுப்பில் கத்தும் டீச்சர்களுக்கும், பிள்ளைகளைக் கத்தும் நமக்கும் உதவும்.

நாம் விழுங்கும் எதுவும் குரல்நாண்மேல் படுவதில்லை. பட்டால் புரையேறிவிடும்! மிளகுப் பால் தொண்டைக்கு இதம்தான். ஆனால் நாண்களுக்கு அது மருந்தாகாது. அவை ஈரமாக இருக்க உடம்பிலேயே நீர் வேண்டும். ஆகவே நாள் முழுக்க அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும். வெறும் நீராவி பிடிப்பதும் நல்லது.

குரல் கட்டினால் கிசுகிசுவென்று பேசலாம் என்று நினைப்போம். அழுத்திக் கிசுகிசுப்பதும் நாண்களுக்கு வேலைதான். பேசாமல் இருப்பதே ஓய்வு. பேசித்தான் ஆக வேண்டுமென்றால் மெதுவாக, சாதாரணக் குரலில் பேசலாம்.

அடிக்கடி தொண்டையைக் கனைக்கக் கூடாது. கனைக்கும்போது இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கனைப்பு வந்தால் ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கலாம்.

ராத்திரிச் சாப்பாட்டை முடித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்க வேண்டும். வயிற்றுப் புளிப்பு மேலேறினாலும் குரல் கரகரக்கும்.

வயசுக்கு வரும் காலத்தில் ஆண்பிள்ளைக்குத்தான் குரல் உடையும் என்பதில்லை. பெண் குழந்தைக்கும் குரல் கொஞ்சம் இறங்கும், சில நாள் காற்றுக் கலந்து வரும். அப்போது உச்ச ஸ்தாயிக்கு வற்புறுத்தக் கூடாது. சொப்ரானோக் குரல் இருபது வயதுக்கு மேல்தான் முழுசாக முற்றத் தொடங்குமாம். டீச்சரம்மா பிஞ்சு என்று சொன்னது இதைத்தான்.

மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறலோ விழுங்கும்போது வலியோ இருந்தால் உடனே போக வேண்டும்.

என் பெண்ணின் குரல் திரும்பியது. முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து. தடிப்பு கரைந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளில் திருப்போரூர் முருகனுக்கு என் மாமியார் மொட்டை வேண்டிக் கொண்டிருந்தது தெரிய வந்தது. மொட்டை அவருக்குத்தான், பேத்திக்கு இல்லை!

* * *

2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தோம். ஒருநாள் மாவு அரைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். பெண் ஓடி வந்தாள். "அம்மா, அது டுவிங்கிள் டுவிங்கிள் தானே? உங்களுக்கு எப்படித் தமிழ்ப்பாட்டு மாதிரி வருது?"

"தமிழ் இல்லடி, சமஸ்கிருதம். முத்துசுவாமி தீட்சிதர் பண்ணின 'சியாமளே மீனாக்ஷி'. சங்கராபரணம்" என்றேன்.

தீட்சிதர் இளம் வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தவர். கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சாகித்தியம் போட்டார். சுமார் 40 நொட்டுஸ்வரப் பாட்டுகள். குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்கென்றே வைத்திருப்பார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்பே நம் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர் காதைத் திறந்து வைத்திருந்தார்! நான்தான் கதவை மூடிவைத்திருந்தேன்.

பரண்மேல் ஏறி அவளே சுருதிப்பெட்டியை எடுத்து வந்தாள். தூசி தட்டினால் ஒரு பக்கம் ஊதல் பழுது. ஆனாலும் ஒலித்தது. நான் பாட்டைப் பாடினேன். அவள் எனக்கு மேலே இன்னொரு வழியில் போனாள். இரண்டும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தபோது எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு பாடியிருக்கிறேன் என்பது பாடி முடித்த பிறகுதான் தெரிந்தது.

2023-ல் பி.காம். முடித்தாள். முழு நேரமும் பாட்டுப் படிக்கவேண்டும் என்றாள். அதே சமயம் உறவில் ஒரு நல்ல வரன் வந்தது. மரியாதையான மனிதர்கள். போகும்போது அந்த அம்மாள், "பாட்டெல்லாம் எதுக்கு வெளியிலே? வீட்டோட பாடிக்கட்டும்" என்றார், சிரித்துக்கொண்டேதான். கல்யாணத்துக்கென்று போட்டிருந்த சீட்டுப் பணம் கைக்கு வரும் சமயம். பாட்டுப் படிப்புக்குக் கட்டினால் நகைக்கு இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பெண்ணின் பக்கம் பேசவில்லை. "நான் விடலையா? நீயும் விட்டுடு. நாளாக ஆகச் சரியாப் போயிடும்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "சரியாப் போச்சாம்மா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் சொன்னது நானில்லை, என் மாமியார்.

"ஏம்மா, நா நடவு நட்ட காலத்திலே தையூர்ப் பக்கம் வயக்காட்டிலே பாடுவேன். இந்தக் கோடியிலே நா எடுத்துக் குடுத்தா அந்தக் கோடியிலே இருக்கிறவ பிடிச்சுக்கணும். மைக்கா இருந்துச்சு? வவுத்திலேருந்து எடுப்போம். இவ படுத்துக்கினு புக்கை வச்சு ஊதறாளே, அதே மூச்சுதான். உப்பளத்துக்குப் போனப்புறம் பாட்டு நின்னுடுச்சு. அங்க உப்புக் காத்துலே தொண்டை காஞ்சுடும். யாரும் நிறுத்தச் சொல்லலே, தானா நின்னுடுச்சு. உனக்கும் அப்படித்தானே நின்னுச்சு? வூட்லே ரெண்டு பேர் வாயை மூடினது போதும்."

இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் என் மாமியார் பாடுவார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது, "சீட்டு எடுத்தாச்சு. எந்தக் காலேஜுக்குக் கட்டணும்னு அவளையே கேட்டுச் சொல்லு" என்றார். வரன் வீட்டாருக்கு மரியாதையாகச் சொல்லி அனுப்பினோம். அவர்களும் வருத்தப்படவில்லை.

இப்போது அவள் என்ன ஆகிவிட்டாள் என்று கேட்பீர்கள். பெரிய மேடை ஏறிவிடவில்லை. பம்பாயில் இருப்பதைத் தவிர நம் நாட்டில் சொல்லிக்கொள்ள வேறு ஆப்பரா ஹவுஸ் இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு நம்மிடம் வசதியும் இல்லை. சொப்ரானோ என்றால் இங்கே பாடகர் குழு, சினிமாக் கோரஸ், பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது, அப்பப்போ ஒரு கச்சேரி. அவள் வாரத்தில் மூன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். பஸ் செலவும் பாதிச் சம்பளமும் அதில் கட்டிக்கொள்கிறாள். நல்ல சொப்ரானோ ஆவாளா என்பது இன்னும் பத்து வருஷத்துக்குப் பிறகு தெரியும் என்கிறார் அவள் டீச்சர். பழுக்க வைக்க எங்களுக்கும் அவசரமில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சென்னையில் ஒரு கோயிலில் அவர்கள் குழு பாடியது. ஆயாவைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தோம். மைக் இல்லை. ஓரிடத்தில் இவள் குரல் மட்டும் தனியாக மேலே எழுந்தது. ஆயா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"அந்தக் கோடியிலேருந்து கேக்குது பாத்தியா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சுருதிப்பெட்டியின் பழுதை ரிப்பேர் பண்ணக் கொடுத்தேன். இப்போது காலையில் பால் காயும் நேரத்தில் தினம் பத்து நிமிஷம் ஸரளி வரிசை. ஆயாவும் வந்து திண்ணையில் உட்காருகிறார். அவர் நடவுப் பாட்டுகளை ஒவ்வொன்றாக என் பெண் நோட்டில் எழுதிக் கொள்கிறாள். ஆயாவுக்கு இரண்டு பாட்டில் நடு அடி மறந்துவிட்டது. யோசித்துக்கொண்டே இருக்கிறார்.